பி.ரம்லியைத் தூக்கி விட்ட கைகள்

ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் மலாய் வானொலியைத் திருப்பினால் ஒரு குரல் விடாமல் ஒலிக்கும். தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் அடுத்தடுத்து ஓடும். மே 29, பி.ரம்லி மறைந்த நாள். 1973இல் அவர் கண் மூடியபோது அவருக்கு வயது 44தான்.

இந்தக் குரலை மலாய்க்காரர்கள் மட்டும் கேட்கவில்லை. சுங்கை லாலாங், பீடோங், சுங்கைப்பட்டாணி பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம் ரம்லி என்று சொல்லிப் பாருங்கள், முதலில் சிரிப்பார்கள், பிறகு ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுப்பார்கள். அந்தக் காலத்தில் தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பாயையும் சாக்கையும் விரித்து இடம் பிடித்து உட்கார்ந்த கூட்டம், தமிழ்ப் படத்தைப் போலவே ரம்லி படத்தையும் பார்த்தது. மரம் சீவி ஓய்வு பெற்ற பாட்டி ஒருவர் என்னிடம் சொன்னார்: "தமிழ்ப் படம்னா அழுவோம்யா, ரம்லி படம்னா சிரிப்போம். சிரிக்கிறதுக்கு என்னா பாஷை வேண்டியிருக்கு?"

நடிகர், பாடகர், இசையமைப்பாளர், கதாசிரியர், இயக்குநர் என்று ஐந்து வேலைகளையும் ஒரே ஆள் செய்தார். 60க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 34 படங்களை இயக்கினார். இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அவரைத் தூக்கி விட்ட கைகள் யாருடையவை, அந்தக் கைகள் இல்லாமல் போனபோது அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. அதில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு சேதி இருக்கிறது.

பக்கத்து ஊர்ப் பையன்

ரம்லி பினாங்குக்காரர். 1929 மார்ச் 22இல் பிறந்தார். தெயுக்கு ஜக்கரியா என்பது இயற்பெயர். தந்தை தெயுக்கு ஞாக் பூத்தே, சுமத்ராவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. தாயார் செ மா, பட்டர்வொர்த் பக்கத்துப் பெண். வசதியான குடும்பம் என்று சொல்ல முடியாது. பள்ளிப் படிப்பை ஜப்பானியர் படையெடுப்பு குலைத்துப் போட்டது. படிப்பில் போன கவனமெல்லாம் இசையில் வந்து சேர்ந்தது. யூகலேலே, கித்தார், வயலின் என்று ஒவ்வொன்றாகக் கற்றார். கமாருடின் என்ற இசைக் கலைஞர் அவருக்கு முறையாகச் சொல்லிக் கொடுத்தார். முதலில் நீண்ட கை அவருடையது.

வானொலிப் பாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டு 1947இல் வட மலாயாவின் சிறந்த பாடகர் என்ற பட்டத்தை வென்றார் ரம்லி. அடுத்த ஆண்டு புக்கிட் மெர்தாஜமில் நடந்த ஒரு விழாவில் இசைக்குழுவோடு பாடிக்கொண்டிருந்தார். சுங்கை லாலாங்கிலிருந்து தெற்கே மூடா ஆற்றைத் தாண்டி, காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர் அது. அன்று அங்கே கூட்டத்தில் நின்று கேட்டவர்களில் ஒருவர் பி.எஸ்.ராஜ்ஹன்ஸ். இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர். 1930களிலேயே 'லைலா மஜ்னூன்' என்ற படத்தை எடுத்து மலாய்த் திரைப்படத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர். பையன் பாடிய 'அசிசா' பாட்டு அவரை நிறுத்தியது. சிங்கப்பூருக்கு வா என்று அழைத்தார்.

ரம்லிக்கு அப்போது 19 வயது. கையில் வயலினோடு போனார்.

ஜாலான் அம்பாஸ் என்ற பள்ளிக்கூடம்

சிங்கப்பூரில் ஜாலான் அம்பாஸ் சாலையில் இருந்தது ஷா சகோதரர்களின் மலாய் பிலிம் புரொடக்சன்ஸ். முதலாளிகள் சீனர்கள். இயக்குநர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். நடிகர்கள் மலாய்க்காரர்கள். இன்றைக்கு நாம் மேடை மேடையாக ஒற்றுமை பற்றிப் பேசுகிறோம். அங்கே பேச்சு இல்லை, வேலை நடந்தது. இந்தியப் படங்களின் பாணியை இயக்குநர்கள் கொண்டுவந்தார்கள். பாட்டு, நடனம், குடும்பக் கண்ணீர், கடைசியில் நீதி. மலாய்ப் படங்களில் ஏன் இவ்வளவு பாட்டு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அங்கே கலைஞர்கள் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் பிறந்தால் சம்பளம். ஓடிக் குவித்தாலும் அதே சம்பளம்தான் என்பது அதன் மறுபக்கம். ஆனால் கற்றுக்கொள்ள வந்த இளைஞனுக்கு அது பெரிய வாய்ப்பு. 1948இல் வெளிவந்த 'சிந்தா' படத்தில் ரம்லி கதாநாயகனுக்குப் பின்னணி பாடினார். திரையில் அவருக்குக் கிடைத்தது சின்ன வில்லன் வேடம். பாடாத நேரத்தில் ஸ்டூடியோவில் கிடைத்த வேலையைச் செய்தார். விளக்கு எங்கே வைக்கிறார்கள், கேமரா எப்படி நகர்கிறது என்று பார்த்தார்.

இந்த நேரத்தில் வந்து சேர்ந்தவர்தான் எல்.கிருஷ்ணன். தமிழர். சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். ரம்லி வளர்ந்த அதே ஊர். ரம்லியின் முகத்தில் பருத் தழும்புகள் இருந்தன. அன்றைய கதாநாயகர்களுக்கு அழகு முக்கியம். பாட்டைப் பின்னணியில் யாரும் பாடிவிடலாம். கிருஷ்ணன் வேறு மாதிரி யோசித்தார். பாடத் தெரிந்தவனையே நாயகனாகப் போட்டால் என்ன? 1950இல் அவர் இயக்கிய 'பக்தி' படத்தில் ரம்லி முதல் முறையாகக் கதாநாயகன் ஆனார். திரையில் வாயசைத்தவரின் சொந்தக் குரலே பாட்டாக ஒலித்தது. நம் தமிழ்ச் சினிமாவில் தியாகராஜ பாகவதர் காலத்திலேயே பார்த்துப் பழகிய விஷயம்தான். மலாய்த் திரைக்கு அது புதுசு.

படத்தின் பெயரைக் கவனித்தீர்களா? 'பக்தி' என்ற வடசொல் மலாயில் தொண்டு, நன்றிக்கடன் என்ற பொருளில் வழங்குகிறது. பொருத்தமான பெயர்தான்.

அதற்குப் பிறகும் கிருஷ்ணன் ரம்லியை வைத்துத் தொடர்ந்து படங்கள் எடுத்தார். இன்றைக்கு நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கிருஷ்ணனின் பெயர் தெரியும்? ரம்லியின் பெயரில் சாலைகள் இருக்கின்றன. அவரை நாயகனாக்கிய நம்மவரின் பெயரை நாமே மறந்துவிட்டோம்.

இன்னொரு இயக்குநரையும் சொல்ல வேண்டும். வங்காளத்துக்காரர் பானி மஜும்தார். 1938இல் கே.எல்.சைகாலை வைத்து 'ஸ்ட்ரீட் சிங்கர்' எடுத்துப் புகழ்பெற்றவர். பாடகரை நடிகராக்கும் வித்தை கைவந்தவர். அவர் 1956இல் எடுத்த 'அனாக்கு சசாலி'யில் ரம்லிக்கு இரட்டை வேடம். செல்லம் கொடுத்துக் கெடுக்கும் இசைக்கலைஞரான தகப்பனும் அவரே, கெட்டுப்போகும் மகனும் அவரே. கடைசியில் பெற்ற மகனைப் போலீசில் ஒப்படைக்கிறார் தகப்பன். 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது அந்த நடிப்புக்குக் கிடைத்தது. புக்கிட் மெர்தாஜம் விழா மேடையிலிருந்து தோக்கியோ மேடைக்கு ஒன்பது ஆண்டுகள்.

இயக்குநர் ரம்லி

அதற்கு முன்பே, 1955இல், தன் முதல் படத்தை இயக்கிவிட்டார் ரம்லி. 'பெனாரிக் பெச்சா', அதாவது பெச்சாக்காரன். ஏழை பெச்சாக்காரனுக்கும் பணக்காரப் பெண்ணுக்கும் காதல். கதை நமக்கு ரொம்பப் பழக்கமானது. ஆனால் தெருவும் வீடும் பேச்சும் மண்ணோடு ஒட்டியிருந்தன. புக்கிட் மெர்தாஜமில் பாடிய அந்த 'அசிசா' பாட்டும் இந்தப் படத்தில் இடம்பெற்றது.

அடுத்த ஒன்பது ஆண்டுகள் அவருடைய பொற்காலம். 1957இல் 'பூஜாங் லாப்போக்'. கல்யாணம் ஆகாத மூன்று பேரின் கூத்து. ரம்லி, எஸ்.சம்சுடின், அசிஸ் சத்தார் ஆகிய மூவரையும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் அப்படியே நடித்துக் காட்டுவார்கள். 1960இல் 'அந்தாரா டுவா டர்ஜாட்', அதில்தான் 'கெத்தாரான் ஜீவா' பாட்டு. தமிழ் காதுக்கு 'ஜீவா' என்றால் உயிர், அங்கேயும் அதே பொருள்தான். அந்தப் பாட்டுக்கு வரிகள் எழுதியவர் எஸ்.சுடர்மாஜி. இசை ரம்லி.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'எல்லாம் தெரிந்த ஒற்றை ஆள்' என்று ரம்லியைச் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் அவர் தனி ஆள் இல்லை. பாட்டு எழுத சுடர்மாஜி, ஜமீல் சூலோங் போன்றவர்கள் இருந்தார்கள். எடுத்த காட்சிகளை வெட்டி ஒட்டிச் சீராக்க எச்.ஆர்.நாராயணா இருந்தார். ஒளிப்பதிவுக்கு அபு பாக்கார் அலி இருந்தார். சிரிக்க வைக்கவும் அழ வைக்கவும் பழகிய நடிகர் பட்டாளம் இருந்தது. ஒருவர் மூச்சை மற்றவர் அறிந்த கூட்டம் அது. ரம்லி மனத்தில் நினைத்ததை மறுநாள் திரையில் காட்ட ஆள் இருந்தது.

மாமியார் கேட்ட கேள்வி

1962இல் வந்த 'இபு மெர்த்துவாக்கு' படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள். தலைப்புக்கு 'என் மாமியார்' என்று பொருள். காசிம் செலாமாட் என்ற சாக்சபோன் கலைஞனாக ரம்லி. அவனை விரும்பும் பணக்காரப் பெண் சபரியாவாக சரிமா. மாமியார் நியோன்யா மன்சூராக மாக் டாரா. அந்த அம்மாளுக்கு இசைக்கலைஞன் என்றாலே ஆகாது. வக்கீல், டாக்டர் என்றால் வாசல் திறக்கும். வாத்தியம் வாசிப்பவனுக்கு வாசலிலேயே கதவு சாத்தப்படும். பிடிவாதமாகக் கல்யாணம் செய்த பெண்ணைத் தாய் கைகழுவுகிறாள். வறுமை வருகிறது. பிள்ளைப்பேற்றுக்கு வந்த மகள் இறந்துவிட்டதாக மருமகனிடம் பொய் சொல்லி, அவளை ஒரு கண் டாக்டருக்குக் கட்டி வைக்கிறாள் தாய். அழுது அழுது பார்வையை இழக்கிறான் காசிம் செலாமாட். பின்னால் அந்த டாக்டரின் சிகிச்சையிலேயே பார்வை திரும்புகிறது. உண்மை தெரிந்ததும் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான்.

இந்த மாமியாரைத் திரையில் பார்த்துத் திட்டாத ஆள் இல்லை. ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், அந்த அம்மாள் நம் வீட்டில் இல்லையா? பையன் கித்தார் வகுப்புக்குப் போகிறேன் என்றால் "முதல்ல எஸ்.பி.எம். முடி" என்கிறோம். பெண்ணைக் கேட்டு வரும் பையன் இசைக்குழுவில் இருக்கிறான் என்றால், "அது சரி தம்பி, வேலை என்ன பண்றீங்க?" என்று கேட்கிறோம். படத்தில் வரும் மாமியாரை வில்லியாக்கிவிட்டு, வீட்டில் அதே கேள்வியைக் கேட்கிறோம்.

அந்தக் கேள்வி முழுக்க முழுக்கத் தவறு என்றும் நான் சொல்ல மாட்டேன். ரம்லியின் மிச்ச வாழ்க்கையைப் பார்த்தால் மாமியாரின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

கோலாலம்பூருக்கு மாறிய பிறகு

1963இல் மீண்டும் தோக்கியோவில் ஆசியத் திரைப்பட விழா. 'இபு மெர்த்துவாக்கு' படத்துக்காகப் பன்முகத் திறமைக்கான விருது ரம்லிக்குக் கிடைத்தது. உச்சியில் இருந்த மனிதர் 1964இல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்தார். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் வேலை. இன்றைய பினாஸ் அலுவலகம் இருக்கும் இடம்தான் அது.

அங்கே ஜாலான் அம்பாசில் இருந்த கருவிகள் இல்லை. பழகிய தொழில்நுட்பக் கலைஞர்கள் இல்லை. பூஜாங் லாப்போக் மூவர் கூட்டணி இல்லை. புது ஆட்களை வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

காலமும் எதிராகத் திரும்பியது. 1963 டிசம்பரில் நாட்டில் தொலைக்காட்சி வந்துவிட்டது. இந்தோனேசியாவுடன் மோதல் மூண்டதால் மலாய்ப் படங்களுக்கு இருந்த பெரிய சந்தை அடைபட்டது. இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வண்ணப் படங்கள் வந்து இறங்கின. ரம்லி கறுப்பு வெள்ளையிலேயே எடுத்துக்கொண்டிருந்தார். இளைஞர்கள் கித்தார் குழுக்களின் 'பாப் ஏ ஏ' பாட்டுக்குத் தலையாட்டத் தொடங்கினார்கள். 1967இல் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவும் மூடப்பட்டது.

மெர்டேக்காவில் அவர் 18 படங்கள் இயக்கினார். எல்லாமே தோல்வி என்று சொல்வது நியாயமில்லை. 1966இல் ஏ.ஆர்.தொம்பெல், இப்ராஹிம் டின் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு எடுத்த 'டோ ரே மி' இன்றும் சிரிக்க வைக்கிறது. நமக்கு முக்கியமான இன்னொரு படம் 1968இல் வந்த 'கெரிமிஸ்'. தூறல் என்று பொருள். ஒரு மலாய் ஓவியனுக்கும் லீலா என்ற இந்திய நடனப் பெண்ணுக்கும் ஏற்படும் காதல். நடனப் பெண்ணாக நடித்தவர் சந்திரா சண்முகம். இரு வீட்டாரும் எதிர்க்கிறார்கள். யாரும் தொடத் தயங்கும் இந்த விஷயத்தை அந்தக் காலத்திலேயே திரைக்குக் கொண்டுவந்தார் ரம்லி. இந்தியர்கள் என்றால் வாசல் காவலுக்கும் வட்டிக் கடைக்கும் மட்டும் என்று வைக்காமல், வீடும் வருத்தமும் உள்ள மனிதர்களாகக் காட்டினார். அதற்காகவாவது நம் குடும்பங்கள் ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்கலாம்.

1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவருடைய கடைசிப் படம். அதன் பிறகு படம் இல்லை, பணமும் இல்லை. பல மொழிக்காரர்கள் சேர்ந்து வாழும் நாட்டில் எல்லாரையும் சிரிக்க வைத்தவர், வாய்ப்புக் கேட்டு அலைய வேண்டியிருந்தது. 1973 மே 29 விடியற்காலையில் மாரடைப்பு. மனைவி சலோமாவும் பெரிய பாடகி. அவரும் பத்து ஆண்டுகளில் போய்ச் சேர்ந்தார்.

பிறகு மரியாதைகள் வந்தன. கோலாலம்பூரின் ஜாலான் பாரி, ஜாலான் பி.ரம்லி ஆனது. செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு 1986இல் நினைவகமானது. பினாங்கில் பிறந்த வீட்டையும் செப்பனிட்டுப் பாதுகாக்கிறார்கள். 1990இல் டான்ஸ்ரீ விருது கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள அவர் இல்லை. இறந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாம் என்ன செய்யலாம்?

1964க்கு முன்னாலும் பின்னாலும் அதே ரம்லிதான். அதே குரல், அதே மூளை. குறைந்தது திறமை இல்லை. அவரைச் சுற்றி இருந்த ஆள் பலமும் கருவியும் சந்தையும் மாதச் சம்பளமும்தான் குறைந்தன. இதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்ல வந்தேன். 'திறமை இருந்தால் தானாக மேலே வந்துவிடுவான்' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். ரம்லி அளவுக்குத் திறமை இருந்தவருக்கே அது பலிக்கவில்லை.

நம் சமூகத்தில் இன்றைக்குப் பாடும் பிள்ளைகள், குறும்படம் எடுக்கும் பிள்ளைகள், ஆடும் பிள்ளைகள் நிறைய. கெடாவில் மட்டுமே எத்தனையோ பேர். அவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? கல்யாண மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் அலங்காரத்துக்கும் ஆயிரக்கணக்கில் வெள்ளியை எண்ணிக் கொடுக்கிறோம். பாட வந்த பிள்ளையிடம் மட்டும், "நம்ம பிள்ளைதானே, பார்த்துப் போட்டுக் குடுப்பா" என்கிறோம். கோயில் திருவிழாவில் இரண்டு மணி நேரம் பாடிய பிள்ளைக்கு ஒரு துண்டைப் போர்த்தி, சாப்பிட்டுப் போகச் சொல்கிறோம். துண்டைக் கொண்டு போய் வீட்டு வாடகை கட்ட முடியாது. உள்ளூர்த் தமிழ்ப் படம் திரைக்கு வந்தால், "டிவியில வரும், அப்பப் பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடுகிறோம். டிவியில் வருவதற்குள் தயாரிப்பாளர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்.

பேசிய தொகையைப் பேசியபடி, நிகழ்ச்சி முடிந்த அன்றே கொடுங்கள். உள்ளூர்ப் படத்துக்கு முதல் வாரத்திலேயே குடும்பத்தோடு போங்கள். வேலைக்குப் போகும் இளைஞர்களே, கணக்குப் படித்தவர் ஒருவர், சட்டம் படித்தவர் ஒருவர், கணினி தெரிந்தவர் ஒருவர் என உங்கள் நண்பர் வட்டத்தில் இருப்பீர்கள். பாடத் தெரிந்த நண்பனுக்கு ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லவும், வருமான வரிக் கணக்கைச் சரிபார்க்கவும், பாட்டின் உரிமையைப் பதிவு செய்யவும் உங்களால் முடியும். ரம்லிக்கு அப்படி நாலு பேர் கடைசிக் காலத்தில் பக்கத்தில் இருந்திருந்தால் கதை கொஞ்சம் மாறியிருக்கலாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. "வேலை என்ன?" என்று கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள். ஆனால் நியோன்யா மன்சூரைப் போலக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். இசைதான் என் வேலை என்று பிள்ளை சொன்னால், அதை வேலையாக நடத்த என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து பேசுங்கள். அப்பாவுக்குத் தெரிந்தவர் யார், மாமாவால் என்ன முடியும் என்று யோசியுங்கள். டாக்டருக்குப் படிக்க வைக்க இப்படித்தானே எல்லாரும் சேர்ந்து ஓடுகிறோம்?

பருத் தழும்பு முகத்தோடு நின்ற பினாங்குப் பையனை, பாடத் தெரிந்தவன் என்ற ஒரே காரணத்துக்காக நாயகனாக நிறுத்தினார் எல்.கிருஷ்ணன். அடுத்த மே மாதம் ரம்லி பாட்டு ஒலிக்கும்போது அந்தப் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.